வீட்டுக் காண்ட்ராக்ட்டோட கடைசிப் பக்கம்: நடுவர் யாரு?

நம்ம வயசுல பாதிப் பேருக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் வந்திருக்கும். ஊர்ல அப்பா வீடு கட்டப் போறாரு. காண்ட்ராக்டர் கொடுத்த அக்ரிமெண்டை போட்டோ எடுத்து அனுப்பி, "கொஞ்சம் படிச்சுப் பாருப்பா"ன்னு கேட்பாரு. கண்ணு நேரா சதுர அடி ரேட்டுக்கும் சிமெண்ட் பிராண்டுக்கும்தான் போகும். இன்னைக்கு நாம பேசப் போறது கடைசிப் பக்கத்துல இருக்கிற ஆர்பிட்ரேஷன் பத்தி.

ஆர்பிட்ரேஷன்னா, தகராறு வந்தா கோர்ட்டுக்குப் போகாம ஒரு நடுவர் விசாரிச்சு முடிவு சொல்றது. கேட்க ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி இருக்கும். ஆனா பஞ்சாயத்து பிடிக்கலைன்னா துண்டை உதறிட்டுக் கிளம்பிடலாம், இங்க அது முடியாது. 1996-ம் வருஷச் சட்டப்படி, நடுவரோட தீர்ப்பு கோர்ட் தீர்ப்பு மாதிரியே அமலாகும். "கணக்கைத் தப்பாப் பார்த்துட்டாரு"ன்னு அப்பீல் போக முடியாது. மோசடி, நம்ம பக்கத்தைச் சொல்ல வாய்ப்பே தராதது மாதிரி சில காரணங்களுக்கு மட்டும்தான் ரத்து கேட்கலாம். அதுக்கும் மூணு மாசம்தான் டைம், நியாயமான காரணம் இருந்தா இன்னும் 30 நாள்.

கட்டட வேலைக்கு இது நல்ல வழிதான். சுவர்ல விரிசல் வந்தா காரணம் மண்ணா, கம்பியா, கலவையா? இதைப் புரிஞ்சுக்கிற ஒரு சிவில் இன்ஜினியரையே நடுவராப் போடலாம். ரெண்டு பேரும் மனுவும் பதிலும் கொடுத்து முடிச்சதுல இருந்து 12 மாசத்துல தீர்ப்பு வரணும்னும் சட்டம் சொல்லுது.

அப்பீல் இல்லாத இடத்துல, தீர்ப்பு சொல்றது யாருங்கிறதுதான் எல்லாமே. அதனால கையெழுத்துக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, நடுவரை யார் போடுறாங்க? "எங்க மேனேஜிங் டைரக்டர் நியமிப்பவரே நடுவர்"னு இருக்கலாம். வழக்குல லாப நஷ்டம் இருக்கிற ஒருத்தர், தனியா ஒரே நடுவரைப் போட முடியாதுன்னு 2019-ல பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா தகராறு வந்த பிறகு, "அவரே இருக்கட்டும், ஆட்சேபணை இல்லை"ன்னு நீங்க எழுதிக் கொடுத்தா அந்தப் பாதுகாப்பு போயிடும். அந்த மாதிரி பேப்பர் வந்தா ரொம்ப உஷாரா இருங்க. ஒத்துப் போகலைன்னா ஹைகோர்ட்ல கேட்டு நடுவரை நியமிக்க வைக்கலாம்.

ரெண்டு, எந்த ஊர்? வீடு மதுரையில, அக்ரிமெண்ட்ல ஆர்பிட்ரேஷன் 'சீட்' பெங்களூருன்னா, இது சம்பந்தமா கோர்ட்டுக்குப் போகவும் பெங்களூருதான் போகணும்.

மூணு, எத்தனை நடுவர்? ஃபீஸ் நம்ம பாக்கெட்ல இருந்துதான் போகும். சட்டத்தோட நாலாவது அட்டவணையில ஒரு மாதிரிக் கட்டணம் இருக்கு. 15 லட்சம் ரூபாய் தகராறுக்கு அதுபடி கணக்குப் போட்டா 80,000 ரூபாய். ஒரே நடுவர்னா கூட 25 சதவீதம் சேர்த்து ஒரு லட்சம். மூணு நடுவர்னா ஆளுக்கு 80,000, மொத்தம் 2,40,000. எதிர்த் தரப்பும் பதிலுக்குப் பணம் கேட்டா, அதுக்குத் தனி ஃபீஸ். பொதுவா ரெண்டு தரப்பும் பாதிப் பாதி கட்டணும். சின்ன வீட்டுக்கு ஒரே நடுவர் போதும்னு இப்பவே எழுத வைங்க.

"ஏற்கனவே கையெழுத்துப் போட்டாச்சு, இப்ப என்ன?"ன்னு கேட்டா, சொந்தமா குடியிருக்க வீடு கட்டுறவங்களுக்கு இன்னொரு கதவு இருக்கு. நுகர்வோர் சட்டத்துல வீடு கட்டித் தர்றதும் 'சேவை'தான். ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதைத் தடுக்க முடியாதுன்னு 2018-ல எமார் எம்ஜிஎஃப் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. பொதுவா ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். சிவில் கோர்ட் அப்படி இல்ல. எதிர்த் தரப்பு ஆரம்பத்துலயே அந்த ஷரத்தைக் காட்டினா, கோர்ட் நம்மளை ஆர்பிட்ரேஷனுக்குத்தான் அனுப்பும்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி காண்ட்ராக்டர் நம்ம கிட்ட சிரிச்சுப் பேசுவாரு. "அண்ணே, இந்த வரியை மட்டும் மாத்திக்கலாமா?"ன்னு கேட்க அதுதான் சரியான நேரம். அப்பாவுக்கு "ஓகேப்பா"ன்னு அனுப்புறதுக்கு முன்னாடி அந்தக் கடைசிப் பக்கத்தையும் ஜூம் பண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.