எலியின் ஆயுளும் மரபணுவின் பிரதிகளும்

ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி ஒன்றை வாலின் அடியில் பிடித்து மெல்லத் தூக்கினால், அது சுகமாக இருக்கும் வரையில் தன் பின்னங்கால்கள் இரண்டையும் அகல விரித்துக் கொள்ளும். நான் இன்று பேசப்போகும் வம்சத்தைச் சேர்ந்த எலியை அதன் மூன்றாவது, நான்காவது மாதத்தில் அவ்வாறு தூக்கினாலோ, கால்கள் விரியாமல் நடுங்கி உடம்போடு ஒடுங்கும். சில வாரங்களில் ஒரு கால் இழுபடும். பின்னர், பக்கவாட்டில் கிடத்தினால் முப்பது வினாடிக்குள் புரண்டு எழுந்திருக்க இயலாத நிலையும் வந்து சேரும். அந்த நிலையையே மரணம் என்று ஏட்டில் குறித்துக்கொண்டு, மேலும் வேதனைப்படவிடாமல் அதன் பிராணனை நோவின்றிப் போக்கிவிடுவது அங்கே வழக்கம். ஆகவே, நான் இனி ஆயுள் என்று சொல்லும் இடங்களிலெல்லாம், பெரும்பாலும் இவ்விதம் அளக்கப்பட்ட ஆயுள் என்றே கொள்ளவேண்டும்.

இந்த எலிக்கு வந்திருப்பது ஏ.எல்.எஸ். என்னும் நரம்புச் சிதைவு நோய். பௌதிக மேதை ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் அமர்த்திய அதே ரோகம். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிய, புத்தி பெரும்பாலும் தெளிவாக இருக்கும்போதே கைகால்கள் சோர்ந்து, பேச்சும் விழுங்கும் சக்தியும் குன்றி, இறுதியில் சுவாசத் தசைகளும் ஓய்ந்துவிடுகின்றன. பாரிஸ் நகரத்து வைத்தியர் ஷார்க்கோ 1869ஆம் ஆண்டிலேயே இதை விவரித்திருந்தும், காரணத்தின் ஒரு நுனியாவது கைக்கு அகப்பட 1993 வரை காத்திருக்க நேர்ந்தது. பரம்பரையாக இந்நோய் தொடரும் சில குடும்பங்களில், 21ஆம் குரோமோசோமிலுள்ள எஸ்.ஓ.டி.1 என்ற மரபணு பழுதுபட்டிருப்பது அந்த ஆண்டு தெரியவந்தது. அது 153 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நொதிக்கு உரிய மரபணு. அந்தக் கோவையில் 93ஆம் இடத்தில் கிளைசீன் இருக்கவேண்டியதற்குப் பதில் அலனைன் வந்து அமர்வது அதன் பழுதுகளில் ஒன்று. மறு ஆண்டே, சிகாகோவில் மார்க் கர்னியும் அவருடைய சகாக்களும் இந்தப் பழுதுள்ள மனித மரபணுவைச் சுண்டெலியின் கருவில் புகுத்தி, வாத நோய்க்கு ஆளாகும் ஒரு வம்சத்தையே உண்டாக்கிவிட்டார்கள்.

உயிரணுவில் உண்டாகும் ஒருவகை நச்சை நீக்குவதே இந்த நொதியின் உத்தியோகம். ஆகையால், நொதி கெட்டு, நச்சுப் பெருகி, நரம்பு மடிகிறது என்று ஊகிப்பது எவருக்கும் சுலபம். ஆனால் அந்த மரபணுவை அடியோடு நீக்கி வளர்த்த எலிகளுக்கு இந்த மரணவாதம் வரவில்லை. பழுதற்ற மனித மரபணுவைப் பெற்ற எலிகளும் இவ்விதம் சாகவில்லை. ஆகவே, குற்றம் நொதி தன் வேலையைச் செய்யாமையில் அன்று, பழுதுபட்ட புரதமே ஒரு புதிய நச்சுக் குணத்தைப் பெற்றதில் இருக்கிறது என்று சாஸ்திரக்காரர்கள் நிச்சயித்தார்கள்.

நச்சு என்றால் அளவு முக்கியம் அல்லவா? இங்கேதான் மரபணு வெளிப்பாடு என்ற விஷயம் வருகிறது. மரபணு என்பது அந்தப்புரத்தை விட்டு வெளிவராத அரசனைப் போல, ஆர்.என்.ஏ. என்னும் தூதன் மூலமாகவே தன் ஆணையை அனுப்புகிறது. தூதர்கள் எத்தனை பேரோ, அதற்குத் தக்கபடி புரதமும் உற்பத்தியாகிறது. கர்னியின் எலிகளில் அந்த மனித மரபணு ஒன்றிரண்டாக அன்றி, சுமார் 25 பிரதிகளாக ஒன்றையடுத்து ஒன்று சங்கிலிபோல் நிற்கிறது. அத்தகைய எலி நான்கைந்து மாதங்களில் மாள்கிறது. பிரதிகள் குறைந்த மற்றொரு கிளையோ, அதே பழுதைத் தாங்கியும் அதைவிடப் பல மாதங்கள் அதிகம் ஜீவிக்கிறது.

இந்தச் சங்கிலி தலைமுறை மாறும்போது சில சமயம் அறுந்து, சில பிரதிகளை இழந்துவிடுவதும் உண்டு. புறத்தோற்றத்தில் எந்த மாற்றமும் காட்டாத அந்தக் குட்டி, தன் கூடப்பிறந்தவற்றைக் காட்டிலும் நீண்ட காலம் வாழும். அப்படிப்பட்ட ஓரிரண்டு, மருந்து பெறும் கூட்டத்தில் தற்செயலாக நுழைந்துவிட்டால், பிரதி குறைந்ததால் வந்த ஆயுளெல்லாம் மருந்தின் பெருமையாக எழுதப்பட்டுவிடும். பெண் எலிகள் ஆண் எலிகளைவிடச் சில நாட்கள் அதிகம் வாழ்வதும் இதே குழப்பத்தைச் செய்யக்கூடியது. குழுவுக்குப் பத்து எலிகளை வைத்துக்கொண்டு, "ஆயுள் பத்து சதவிகிதம் நீண்டது" என்று பிரகடனம் செய்த கட்டுரைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால், அவற்றில் எத்தனை தேறும் என்ற சந்தேகம் எழுவது நியாயமே.

மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஏ.எல்.எஸ். ஒன்றிற்காகவே நிறுவப்பட்ட ஓர் ஆராய்ச்சி நிலையத்தார் இந்தச் சந்தேகத்தைச் சோதித்தே பார்த்தார்கள். ஐந்தாண்டு காலம், 18,000 எலிகள், 70க்கு மேற்பட்ட மருந்துகள். பிரதிகளை எண்ணி, ஆண் பெண் சமமாகப் பிரித்து, ஒரே ஈற்றுக் குட்டிகளை இரு பக்கமும் பங்கிட்டு அவர்கள் நடத்திய பரிசோதனையின் முடிவு 2008இல் வெளிவந்தது: ஒரு மருந்தும் ஆயுளை நம்பத்தக்க அளவில் நீட்டவில்லை. முன்பு பலன் தந்ததாகப் புகழப்பட்டவையும் அதில் அடக்கம். மினோசைக்ளின் என்ற மருந்தின் கதை இதற்கு முந்திய ஆண்டிலேயே நடந்து முடிந்திருந்தது. எலிகளைக் காப்பாற்றியதாகப் பிரசித்தி பெற்ற அதை 412 நோயாளிகளிடம் சோதித்தபோது, மருந்து உண்டவர்களே விரைவாக நலிந்தார்கள். எலியைக் குறை சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. அது தன் மரபணுக் கணக்கின்படிதான் வாழ்ந்து மடிந்தது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சிய உண்மை ஒன்று உண்டு. வெளிப்பாடு குறைந்தால் ஆயுள் நீள்கிறதென்றால், அந்த வெளிப்பாட்டையே வேண்டுமென்று குறைத்தால் என்ன? 2005ஆம் ஆண்டில், குதிரைகளுக்குச் சோகை உண்டாக்கும் ஒரு வைரஸை நோய் விளைக்காதபடி திருத்தி, அதனுள் எஸ்.ஓ.டி.1 ஆணையை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.யை ஏற்றி, இளம் எலிகளின் தசைகளில் செலுத்தினார்கள். எலிகளின் ஆயுள் முக்கால் பங்குக்கு மேல் நீண்டது. அரசனைத் தொடாமல், தூதனை மட்டும் வழிமறித்ததில் விளைந்த பலன் அது.

அதே வழியில் பிறந்த மருந்துதான் டோஃபெர்சன். முதுகுத்தண்டைச் சூழ்ந்த நீரில் அதை ஊசி வழியே செலுத்துகிறார்கள். மனிதர்களிடையே நடந்த 28 வாரச் சோதனையில், உடல் இயக்கத்தை மதிப்பிடும் முக்கிய அளவுகோலில் அது வெற்றி பெறவில்லை. ஆனால் நரம்பு சிதையும்போது இரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் வெகுவாகக் குறைந்தது. அந்த அடையாளத்தையே ஆதாரமாகக் கொண்டு, அமெரிக்க அரசாங்கம் 2023 ஏப்ரலில் அதற்குத் துரித அனுமதி அளித்தது. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் இருவருக்கே எஸ்.ஓ.டி.1 காரணம் என்பதால், ஏனையோருக்கு இம்மருந்தால் பயனில்லை. அந்த இருவருக்கும்கூட, நோய் கால்களை எட்டியபின் ஊசி போடுவது தாமதமாகிவிடுகிறதோ என்ற ஐயம் இருக்கிறது. பலன் கண்ட எலிகள் நோய்க்குறி தோன்றும் முன்பே சிகிச்சை பெற்றவை அல்லவா? ஆகவே, பழுதான மரபணுவைச் சுமந்தும் இன்னும் நோய்க்குறி ஏதுமில்லாதவர்களைத் தேர்ந்து, அவர்கள் இரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் ஏறத் தொடங்கும்போதே மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்றையும் தொடங்கியிருக்கிறார்கள்.