மூச்சுக் கருவி வைத்த பிறகு



"மெஷின் வைத்துவிட்டார்களாம், இனி என்ன இருக்கிறது?" தோட்டத்தில் யாரையாவது பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டால் நம்மிடையே முதலில் எழும் பேச்சு இதுதான். வீட்டுக்கே கொண்டுபோய் விடுவோம் என்று கையெழுத்துப் போடவும் சிலர் துணிந்துவிடுகிறோம். பிழைக்கக் கூடியவரைக்கூட இப்படி இழந்துவிட நேரிடும். ஆகவே அந்த அறைக்குள் நடப்பது என்ன என்று இன்று பார்ப்போம்.

1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். பியோன் இப்சன் என்னும் மயக்க மருந்து மருத்துவர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். போதிய இயந்திரங்கள் இல்லை. சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய மெஷின் செய்வதும் அந்தக் கைகளின் வேலைதான். அது நோயைக் குணப்படுத்தாது. மருந்து வேலை செய்யும் வரை மூச்சுக்குக் காவல் இருக்கும்.

நம் தோட்டங்களில் காணும் எலிச்சிறுநீர்க் காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் உள்ள கிருமி, காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக உடலுக்குள் புகுகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். முற்றினால் சிறுநீரகம் நிற்கலாம். நுரையீரலில் இரத்தம் கசியலாம். அப்போது மூச்சுக்கு ஒரு கருவி, இரத்தம் சுத்திகரிக்க ஒரு கருவி. பார்க்கவே நெஞ்சு பதறும். ஆனால் பிழைத்தவர்களில் பலருக்குச் சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது. நோயாளி என்ன வேலை செய்பவர், எந்தக் கால்வாயில் இறங்கினார், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை வீட்டார் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூல நோயோடு, படுத்த படுக்கையாக இருப்பதே வேறு தொல்லைகளையும் கொண்டு வருகிறது. ஒரே பக்கம் படுத்தால் முதுகில் புண் வரும்; அதனால்தான் தாதியர் நோயாளியை அடிக்கடி திருப்பிப் போடுகிறார்கள். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம். வாயில் ஊறும் கிருமி குழாயை ஒட்டி நுரையீரலுக்கு இறங்கிச் சளிக்காய்ச்சலை உண்டாக்கலாம். தலைமாட்டை உயர்த்தி வைப்பதும் வாயைத் துடைப்பதும் இதைத் தடுக்கத்தான். நாம் ஆசையாய் ஒரு வாய் காப்பி ஊற்றினால் அது நேரே நுரையீரலுக்குள் போய்விடக் கூடும். கையைக் கழுவாமல் தொடுவதும் ஆபத்துதான். இவை இரண்டையும் தாதியர் கண்டித்துச் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம்மை மிகவும் மிரள வைப்பது நோயாளியின் மனக் குழப்பம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்; மனைவியையே யாரென்று கேட்பார்; குழாயைப் பிடுங்கப் பார்ப்பார். பேய் பிடித்தது என்று எண்ணிவிடுகிறோம். கடும் நோய், மருந்து, தூக்கமின்மை ஆகியவை மூளையைக் கலக்குவதால் வருவது இது. பெரும்பாலோருக்குத் தெளிந்துவிடும். இங்கே டாக்டரைவிட நம் குரலுக்கு வேலை அதிகம். "அப்பா, இன்று வெள்ளிக்கிழமை, நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள்" என்று மெதுவாகச் சொல்லலாம். அவருடைய கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். தொண்டைக் குழாய் இருக்கும் வரை பேச்சு வராது. தலையசைத்துப் பதில் சொல்லட்டும். கட்டில் அருகே நின்று அழுவதையும் கடன் கணக்குப் பேசுவதையும் விட்டுவிட வேண்டும். மயங்கிக் கிடப்பவருக்கும் காது கேட்கலாம்.

எல்லோரும் பிழைப்பதில்லை. இனி மெஷினால் பயனில்லை என்று டாக்டரே சொல்லும் நேரமும் வரும். அந்த முடிவு அச்சத்திலும் ஊர்ப் பேச்சிலும் பிறக்கக் கூடாது. குடும்பத்தில் நிதானமான ஒருவர், மொழி புரியாவிட்டால் உடன் ஒரு துணையோடு போய், "நோய் குறைகிறதா, கூடுகிறதா? இன்னும் எத்தனை நாள் பார்க்கலாம்?" என்று கேட்கட்டும்.

பிழைத்து வீடு திரும்புபவர் எலும்பும் தோலுமாக வருவார். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். இரவில் கெட்ட கனவு வரும். பழைய பலம் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். அதற்குள் வேலைக்கு விரட்டாமல், மறுபரிசோதனைக்குத் தவறாமல் அழைத்துச் செல்வோம்.