காவிரி கற்பித்த மின்சாரப் பாடம்

(மைசூரில் மாணவர்கள், அலுவலர்கள் முன்னிலையில் ஆற்றப்பெற்ற உரை)



காற்றும் கதிரவனும் தரும் மின்சாரம் நமது தேவையின் நேரமறிந்து வருவதில்லை. இது புதிய சிக்கல் எனப் பலர் கருதுகின்றனர். மைசூருக்கோ இது பழைய சிக்கலே.

1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கச் சுரங்கங்களை அடைந்தது. கோடையில் காவிரியில் நீர் குறைந்தது. சுரங்கங்களின் தேவை குறையவில்லை. எனவே 1911இல் பணி தொடங்கப்பெற்ற கண்ணம்பாடி அணைக்குப் பாசனத்தோடு மற்றொரு நோக்கமும் இருந்தது: அந்நிலையத்திற்கு ஆண்டு முழுவதும் சீராக நீர் அளித்தல். மாறும் இயற்கையைச் சேமிப்பால் சமன்செய்தனர்.

இன்று பாவகடா சூரியமின் பூங்காவின் திறன் 2,050 மெகாவாட். நண்பகலில் பெருகும் அம்மின்சாரம், வீடுகளில் விளக்கேற்றும் வேளையில் நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைகளோ தென்மேற்குப் பருவத்தில் மிகுதியாகவும், பிற மாதங்களில் குறைவாகவும் உற்பத்தி செய்கின்றன. அனல் மின் நிலையங்களை விரைவில் ஏற்றியிறக்க இயலாது; 2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்ற நாட்டின் இலக்கும் அவற்றின் பங்கைக் குறைக்கச் சொல்கிறது.

கோவை மாவட்டத்துக் காடம்பாறை ஒரு வழியைக் காட்டுகிறது. 400 மெகாவாட் திறனுள்ள இந்நிலையம், மின்சாரம் மிஞ்சும்போது கீழ்த்தேக்கத்தின் நீரை மேலேற்றி, தேவை மிகும்போது இறக்குகிறது. இத்தகைய நிலையங்களில் நூறு யூனிட் செலவிட்டால் ஏறத்தாழ 75 முதல் 80 யூனிட் திரும்பக் கிடைக்கும். சில மணி நேரத் தேவைக்கு மின்கல அடுக்குகளும் பயன்படும்.

ஆயினும் அணை நீர் முதலில் உழவர்க்குரியது. மின்பொறியாளரின் விருப்பப்படி திறக்க முடியாது. புதிய தேக்கங்களுக்கு இடமும் எளிதன்று. சராவதியில் 2,000 மெகாவாட் நீரேற்றுத் திட்டம், சிங்கவால் குரங்குகளின் சரணாலயத்தைப் பாதிக்கும் என்று எதிர்ப்பைச் சந்தித்துள்ளது. கரியைக் குறைக்கக் காட்டை இழப்பதா என்ற வினாவைப் புறக்கணிக்க இயலாது.

ஆதலால் வரிசைமுறை தேவை. முதலில், பாசனப் பம்புசெட்டுகளைப் பகல் நேரத்திற்கு மாற்றலாம். இதற்குப் புதிய அணை வேண்டுவதில்லை. அடுத்து, மாநிலங்கள் தம் மிகுமின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். பின்னர், இருக்கும் தேக்கங்களை இணைத்து நீரேற்று நிலையங்கள் அமைக்கலாம். புதிய நிலங்களை மூழ்கடிப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும். உற்பத்தித் திறனை மட்டும் எண்ணும் திட்டமிடல் போதாது. எந்த நேரத்தில், எவருக்குக் கிடைக்கும் என்பதையும் கணக்கிடல் வேண்டும்.