தொலைவில் அதிர்ந்த நிலம்



நிலம் அசையாதது என்று எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. பூமியின் மேலோடு பல தகடுகளாகப் பிரிந்து, ஆண்டுக்கு ஓரிரு அங்குலம் நகர்கிறது. தகடுகள் உரசும் விளிம்புகளிலேயே பூகம்பங்கள் மிகுதி. ஒரு தகடு மற்றொன்றின் கீழ் அமிழுமிடத்தில் பாறை உருகி எரிமலைகளும் எழுகின்றன.

இலங்கை விளிம்பில் இல்லை. ஆதலால் இங்கு எரிமலை இல்லை. ஆனால் நம் தகட்டின் கிழக்கு விளிம்பு சுமாத்திராவுக்கு அருகே அமிழ்கிறது. 2004 டிசெம்பர் 26 காலையில் அங்கே 9.1 அளவிற் பூகம்பம் உண்டாயிற்று. கடலடி உயர, நீரும் உயர்ந்து பரவியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முல்லைத்தீவுக் கரையை அலை விழுங்கியது. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர்.

கரையை விட்டகல அந்நேரம் போதும், சொல்வாரில்லை. இந்து சமுத்திரத்தில் அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை, இன்று உண்டு.

உடையார்கட்டு உள்நாடேயாயினும், மீனுக்கும் உறவுக்கும் நாம் கரைக்குப் போகிறவர்களே. எச்சரிக்கை கேட்டால் உடனே உட்புறம் செல்வோம். கடல் வற்றட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. எல்லாக் கரையிலும் அது முதலில் வற்றுவதில்லை. முதலலை தணிந்ததும் திரும்புதலும் ஆகாது, அடுத்தது பெரிதாயிருக்கலாம். இதனை வீட்டிலுள்ள சிறுவர்க்கும் சொல்லிவைப்போமாக.