பணியப் பெண்களின் பயம்



சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885ஆம் ஆண்டு கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி, கே. ரங்காச்சாரியின் துணையோடு, 1909ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டாரே, அவரேதான். காலிபரும் அளவுகோலுமாக ஊர் ஊராகப் போவார். மூக்கின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, மண்டையின் சுற்றளவு எவ்வளவு என்று அளந்து குறித்துக்கொள்வார். அப்படி ஒருமுறை வயநாட்டுக்குப் போனபோது அவரைக் கண்ட பணியப் பழங்குடிப் பெண்கள் ஓட்டம் பிடித்தார்கள். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களாகப் பார்த்துப் பிடித்துப்போய், பாடம் செய்து, சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று அவர்கள் பயந்தார்களாம். இதைத் தர்ஸ்டனே தம் முன்னுரையில் எழுதியிருக்கிறார், படிப்பவர்கள் சிரிப்பதற்காக.

நூறாண்டுக்கு மேலாக அந்தப் பக்கத்தைப் படித்தவர்களும் சிரித்துவிட்டுத்தான் புரட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் அறியாமையால் ஓடினார்களா? அதே காலத்தில் நியூயார்க்கில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

1897ல் ராபர்ட் பியரி என்ற துருவப் பயணி, கிரீன்லாந்தின் வடமேற்குப் பகுதியிலிருந்து ஆறு இனுயிட் மக்களைக் கப்பலில் ஏற்றி நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் அவர்களைத் தங்கவைத்தார்கள். ஆய்வுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தவர், அங்கே உதவிக் காப்பாளராக இருந்த ஃபிரான்ஸ் போவாஸ். இன்று உலகம் முழுதும் மானுடவியல் வகுப்புகளில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படும் பெயர். வந்தவர்களில் கிசுக் என்பவரும் அவருடைய மகன் மினிக்கும் இருந்தார்கள். பையனுக்கு ஏழு வயது இருக்கும்.

அடுத்த பிப்ரவரியில் கிசுக் காசநோயில் இறந்தார். தாயில்லாத பிள்ளை மினிக், தகப்பனை முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று அழுதான். அருங்காட்சியகத் தோட்டத்தில் ஓர் அடக்கம் நடந்தது. கல் அடுக்கினார்கள், சடங்கு செய்தார்கள். துணிக்குள் இருந்தது ஒரு மரக்கட்டை! கிசுக்கின் உடல் அறுவை மேசைக்குப் போனது. சதையை நீக்கி எலும்புக்கூட்டைச் சேகரிப்பில் வைத்துக்கொண்டார்கள். அவருடைய மூளையைப் பற்றி அலேஷ் ஹர்ட்லிச்கா என்ற உடல்சார் மானுடவியலாளர் 1901ல் கட்டுரையே எழுதி வெளியிட்டார். சில ஆண்டு கழித்து உண்மை தெரிந்ததும், தகப்பனின் எலும்பைக் கொடுங்கள், கொண்டுபோய்ப் புதைக்கிறேன் என்று மினிக் கேட்டார். கொடுக்கவில்லை. 1918ல், ஊர் ஊராகப் பரவிய விஷக்காய்ச்சலில் அவரும் போய்ச் சேர்ந்தார். கிசுக்கும் அவரோடு வந்து இறந்த மூவரும் கிரீன்லாந்து மண்ணுக்குத் திரும்பியது 1993ல்.

இப்போது சொல்லுங்கள். வயநாட்டுப் பெண்கள் பயந்தது எதைக் கண்டு? இல்லாத பேயைக் கண்டா? காலிபரோடு வந்து நின்ற வெள்ளைக்காரரின் தொழில் என்னவென்று, அந்தத் தொழிலின் தலைவர்களைவிட அவர்கள் சரியாகக் கணித்திருந்தார்கள்.

போவாஸ் கெட்டவர் என்று இந்த மேடை சொல்லவில்லை. மனித குலத்தை உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பிரிப்பதை எதிர்த்து வாழ்நாள் முழுதும் எழுதிய மனிதர் அவர். அதனால்தான் இந்தக் கதை நம்மை இன்னும் ஆழமாகக் குத்த வேண்டும். நல்ல கொள்கை உள்ளவர், நல்ல நோக்கம் உள்ளவர் என்பதெல்லாம் எதிரே நிற்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. எதிரே நிற்பவர் கையில் "முடியாது" என்று சொல்லும் உரிமை இல்லாதவரை, ஆய்வாளரின் நல்ல மனசை நம்பித்தான் அவர் பிழைக்க வேண்டியிருக்கிறது.

நியூயார்க்கில் அந்த இனுயிட் மக்களிடம் குறிப்பெடுத்த மாணவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் குரோபர். பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மானுடவியலை நிறுவிய பெரிய மனிதர் ஆனார். 1911 ஆகஸ்டில், வெள்ளையர் வேட்டையில் இனமே அழிந்து தனியாக மிஞ்சிய யாஹி மனிதர் ஒருவர் ஓரொவில் என்ற ஊரில் பிடிபட்டார். குரோபர் அவரைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு வரவழைத்துப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே தங்கவைத்தார். தன் பெயரை அந்நியரிடம் சொல்வது அவர் வழக்கமில்லை. ஆகவே இஷி என்று அழைத்தார்கள். அவர்கள் மொழியில் மனிதன் என்று பொருள். பார்வையாளர் முன்னிலையில் அம்பு செய்து காட்டினார், மொழி சொல்லிக்கொடுத்தார், குரலைப் பதிவு செய்யக் கொடுத்தார். 1916 மார்ச்சில் காசநோய் அவரையும் கொண்டுபோனது.

அப்போது நியூயார்க்கில் இருந்த குரோபர், நண்பனின் உடலை அறுக்கக் கூடாது, அறிவியலின் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் விடாதீர்கள் என்று பதறிக் கடிதம் எழுதினார். கடிதம் வந்து சேர்வதற்குள் உடலை அறுத்து மூளையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. ஊர் திரும்பிய குரோபர், 1917ல் அந்த மூளையைத் தம் கையாலேயே வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். பெற்றுக்கொண்டவர் யார் தெரியுமா? கிசுக்கின் மூளையைப் பற்றி எழுதிய அதே ஹர்ட்லிச்கா. எண்பது ஆண்டுக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. கலிஃபோர்னியப் பூர்வகுடிகள் விடாமல் கேட்டதால்தான் 1999ல் இருக்குமிடம் வெளியே தெரிந்து, 2000ஆம் ஆண்டு இஷியின் உறவுக்குடிகள் பெற்றுப்போய் மறைவாக அடக்கம் செய்தார்கள். பெர்க்லி வளாகத்தில் குரோபர் பெயரில் இருந்த கட்டடத்தின் பெயரை 2021ல் நீக்கினார்கள்.

இதற்குள் அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டது. பூர்வகுடிகளின் கல்லறைப் பொருள்களையும் உடல் எச்சங்களையும் திருப்பித் தரச் சொல்லும் சட்டம், 1990ல் நிறைவேறியது. அன்றே ஒரு கூக்குரல் எழுந்தது: "அறிவியல் செத்துப்போகும்! தடயம் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும்!" நம் ஊர் கருத்தரங்குகளிலும் இந்தக் குரல் கேட்கிறது. ஆகவே இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

1996 ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தின் கென்னவிக் நகரில், கொலம்பியா ஆற்றுப் படகுப் போட்டியைப் பார்க்க வந்த இரண்டு இளைஞர்களின் காலில் ஒரு மண்டையோடு தட்டுப்பட்டது. சோதித்தால் ஏறக்குறைய எட்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு பழசு. எங்கள் மூதாதை, திருப்பிக் கொடுங்கள் என்று ஐந்து பூர்வகுடிகள் சேர்ந்து கேட்டன. எட்டு அறிஞர்கள் நீதிமன்றம் போனார்கள். மண்டையோட்டின் வடிவம் இன்றைய பூர்வகுடிகளைப் போல இல்லை, இவர்களுக்கும் அவருக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்பது வாதம். 2004ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அறிஞர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எலும்புகள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பர்க் அருங்காட்சியகத்திலேயே இருந்தன.

2015ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் எஸ்கே வில்லர்ஸ்லெவ் குழு, அந்த எலும்பின் மரபணுவைப் பிரித்துப் படித்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. உலகில் இன்று வாழும் மக்களில் அவருக்கு நெருக்கமானவர்கள் அமெரிக்கப் பூர்வகுடிகளே. ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் மரபணுவைக் கொடுத்தது யார்? வழக்கில் தோற்ற ஐந்து குடிகளில் ஒன்றான கால்வில் குடி! பாட்டி சொன்ன கதையை ஆதாரமாகக் காட்டி நின்றவர்கள் சரி, மண்டையோட்டை அளந்து சொன்னவர்கள் தவறு. 2017 பிப்ரவரியில் அந்த மூதாதையை அவருடைய மக்கள் ஒன்றுகூடி மண்ணில் சேர்த்தார்கள்.

நெவாடாவில் இன்னும் தெளிவான பாடம் கிடைத்தது. 1940ல் ஸ்பிரிட் கேவ் என்ற குகையில் எடுத்த பத்தாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட உடலை, ஃபாலன் பைய்யூட் ஷோஷோனி குடியினர் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வில்லர்ஸ்லெவ் நேரில் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். அவர்கள் சம்மதித்த பிறகுதான் மாதிரி எடுத்தார். முடிவு குடியினர் சொன்னதோடு பொருந்தியது, உடல் அவர்களிடம் போனது. ஆய்வும் நடந்தது, அடக்கமும் நடந்தது. அறிவியல் எங்கே செத்தது?

இனி எலும்பை விட்டு இரத்தத்துக்கு வருவோம். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் சில நூறு பேராக வாழும் குடி, ஹவசூபாய். சர்க்கரை நோய் அவர்களைப் பிடித்து ஆட்டியது. 1990 தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வந்து, நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கிறோம் என்று இரத்தம் எடுத்தார்கள். மக்களும் நம்பிக் கையை நீட்டினார்கள். 2003ல் அந்தக் குடியைச் சேர்ந்த கார்லெட்டா டிலூசி, பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வின் பொது வாய்மொழித் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தார். மாணவர் விளக்கிக்கொண்டிருந்தது அவர் மக்களின் இரத்தத்தை வைத்துச் செய்த வேறோர் ஆய்வு. எழுந்து கேட்டார்: இதற்கு எங்களிடம் அனுமதி வாங்கினீர்களா?

வாங்கவில்லை. தோண்டத் தோண்ட மேலும் வெளியே வந்தது. மனநோய் பற்றிய ஆய்வு, நெருங்கிய உறவுக்குள் மணம் செய்வது பற்றிய ஆய்வு, அவர்கள் மூதாதைகள் ஆசியாவிலிருந்து வந்தார்கள் என்னும் ஆய்வு. பள்ளத்தாக்கே தாங்கள் தோன்றிய இடம் என்று நம்பும் மக்களின் இரத்தத்தை, அவர்களுக்கே தெரியாமல் அந்த நம்பிக்கைக்கு எதிராக நிறுத்தினார்கள். 2010ல் பல்கலைக்கழகம் சமரசத்துக்கு வந்து 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் கொடுத்தது, மிஞ்சிய இரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. அந்த வாய்மொழித் தேர்வுக்கு அவர் போகாமல் இருந்திருந்தால்? பட்டம் கிடைத்திருக்கும், ஆய்வேடு நூலகத்தில் ஏறியிருக்கும், ஊருக்கு ஒரு வரியும் போயிருக்காது.

இதைக் கேட்டதும் நம் ஊர் நினைவு வருகிறதல்லவா? வர வேண்டும். ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளில் இருந்தவர்களை ஃபியோடர் ஜாகோர் 1876ல் தோண்டினார், எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அலெக்சாண்டர் ரீ அடுத்துத் தோண்டி எடுத்த மண்டையோடுகள் எழும்பூருக்குப் போயின. 1930ல் சோலி சுக்கர்மன் அவற்றை அளந்து எழுதினார். மண்டையோட்டு அளவை வைத்து இனம் சொல்லும் அந்த முறை கென்னவிக்கில் எப்படிக் கவிழ்ந்தது என்று இப்போதுதான் பார்த்தோம். இலங்கையில் வேடர்களின் மண்டையோடுகள் ஐரோப்பாவின் சேகரிப்புகளுக்குப் போயின. எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பதை 2019 நவம்பரில் வேடர் தலைவர் வன்னில அத்தோவிடம் ஒப்படைத்தது. கிழக்குக் கரையில் தமிழ் பேசும் வேடர்களும் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் அது உறவுச் செய்திதான்.

வெளிநாட்டான் கொண்டுபோனதைக் கேட்க நமக்கு வாய் இருக்கிறது. நாமே எடுப்பதைப் பற்றிக் கேட்கவும் வாய் வேண்டும். கூடலூரிலும் பந்தலூரிலும் இன்றும் பணியர்கள் இருக்கிறார்கள். தோடர், இருளர், காட்டுநாயக்கர் என்று எத்தனை குடிகளின் பெயரில் எத்தனை பட்டங்கள் வாங்கியிருக்கிறோம்! ஜீப்பில் இறங்கிக் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிற களப்பணி இங்கே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேட்டின் சாரத்தைத் தமிழில் நான்கு பக்கமாக்கி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் எத்தனை பேர் இந்த அவையில் கை தூக்குவார்கள்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ல் வெளியிட்ட நெறிமுறைகள், பழங்குடி மக்களிடம் ஆய்வு செய்யும்போது தனிமனிதர் சம்மதத்தோடு சமூகத்தின் அனுமதியையும் பெறச் சொல்கின்றன. அவை உடல்நலம் சார்ந்த ஆய்வுகளுக்கானவை. குலக்கதையையும் இறப்புச் சடங்கையும் ஒலிப்பதிவு செய்கிற மாணவருக்கு அதே கண்டிப்பை அவரவர் துறைதான் விதிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் பல்கலைக்கழகங்களுக்காகக் காத்திருக்கவில்லை. 2017ல் தாங்களே ஆய்வு நெறி எழுதி, எங்களிடம் வருகிறவர் இதை ஏற்றுக்கொண்டு வரட்டும் என்று அறிவித்துவிட்டார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகம், 1920களில் ஒரு பண்ணைக் கல்லறையிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒன்பது பேரின் எலும்புகளைக் குடும்பத்தாரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் விருப்பப்படி ஆய்வும் செய்து, 2023ல் சதர்லாந்து ஊரில் அடக்கம் செய்தது.

ஒரு சந்தேகம் எழலாம். மக்கள் சம்மதம் வேண்டும் என்றால், அவர்களுக்குப் பிடித்த முடிவைத்தான் எழுத வேண்டுமா? கூடாது. கேள்வியை ஒளிக்காமல் சொல், எடுத்த இரத்தத்தைச் சொன்ன வேலைக்கு மட்டும் பயன்படுத்து, வேறு வேலைக்கு வேண்டுமென்றால் திரும்பப் போய்க் கேள். முடிவு எதுவானாலும் முதலில் அவர்கள் முன்னால் நின்று சொல். கசப்பான முடிவையும் முகத்துக்கு நேரே கேட்கும் திராணி அவர்களுக்கு உண்டு. நேரே போய்ச் சொல்லும் திராணி நமக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளுக்கு முகம் வரைந்து 2025ல் வெளியிட்டபோது தமிழ்நாடே பெருமைப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பழைய மரபணு படிக்கும் வேலை நடக்கிறது. நடக்கட்டும், இன்னும் பெரிதாக நடக்கட்டும்! அந்த வேலையோடு சேர்த்து ஒவ்வொரு தொல்லியல், மானுடவியல் துறையும் ஒரு பதிவேடு திறக்க வேண்டும். எந்தப் பெட்டியில் யார் இருக்கிறார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, யார் அனுமதியோடு வந்தார், என்ன சோதனை நடந்தது, முடிவு அந்த ஊருக்குத் தெரியுமா என்று எழுதட்டும். பதிவேட்டை ஊராட்சிக்கும் அனுப்பட்டும். பழங்குடி ஊர்களில் வேலை செய்யும் ஆய்வேடுகளுக்கு, தமிழ்ச் சுருக்கம் ஊரில் வாசிக்கப்பட்டது என்று ஊரார் கையெழுத்து இல்லாமல் வாய்மொழித் தேர்வு நடத்தக் கூடாது என்று கல்விக் குழுக்கள் தீர்மானம் போடட்டும். அந்தத் தேர்வுக்கு ஊர்க்காரர்களுக்கும் அழைப்பு போகட்டும், வந்து போகும் பேருந்துச் செலவைத் துறையே கொடுக்கட்டும், முதல் வரிசையில் நாற்காலி போடட்டும்.