பாலும் குழாயும்: மூளைக்காயமுற்றோர்க்கான ஊட்டத்தைத் தமிழில் சொல்லுதல்



மொழியியல் கற்றவனுக்கு மருத்துவமனையில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டவரைச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள். அங்கே மலாய் பேசும் செவிலியருக்கும் தமிழ் மட்டுமே அறிந்த பாட்டிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் பல வேளைகளில் ஒரு மாணவர்; சில வேளைகளில் அவருடைய ஆசிரியர். அவர் தேர்ந்தெடுக்கும் சொல்லே என் பொருள்.

முதலில் செய்தி. மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு. ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் அது கொள்வதோ ஏறத்தாழ 20 விழுக்காடு. கடுமையான காயத்திற்குப் பின் உடலின் தேவை இன்னும் கூடுகிறது. உணவு வராவிடில் உடல் தன் தசையையே கரைக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 22 மையங்களைச் சேர்ந்த 797 நோயாளரைக் கொண்டு 2008இல் வெளிவந்த ஆய்வில், 5 நாள் ஊட்டம் பெறாதவர்க்கு இறப்பு வாய்ப்பு 2 மடங்காகவும் 7 நாள் பெறாதவர்க்கு 4 மடங்காகவும் இருந்தது. மிகவும் நலிந்தவர்க்கே ஊட்டம் தாமதமாகியிருக்கலாம். ஆகவே இத்தொடர்பு முழுவதையும் காரணம் என்று கொள்ளலாகாது. எனினும், இயன்றால் முதல் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் ஊட்டத்தைத் தொடங்குவதே இன்றைய நெறி.

நம் வீடுகளில் வழங்கும் ‘லங்கணம் பரம ஔடதம்’ என்னும் பழமொழி இதற்கு எதிரானது. செரியாமைக்கு அது பொருந்தலாம். நினைவிழந்து கிடப்பவருக்குப் பொருந்தாது.

இனி, சொல்லுக்கு வருவோம். குழாய்வழிச் செலுத்தும் ஊட்ட நீர்மத்தை வார்டுகளில் ‘சுசு’ என்பார்கள். மாணவர் அதனை அப்படியே ‘பால்’ என்கிறார். ‘தாத்தாவுக்குப் பால் ஊற்றுகிறார்கள்’ என்று பாட்டியிடம் சொல்கிறார். பாட்டி அலறுகிறார். ஏன்? உயிர் பிரியும் வேளையில் வாயில் வார்ப்பது பால். எரியூட்டிய மறுநாள் ஊற்றுவதும் பால். ‘பால் ஊற்றுதல்’ என்னும் தொடர் நம் வழக்கில் சாவோடு பிணைந்துவிட்டது. பால்மரத்தையும் பால்வாளியையும் நம்பி வாழ்ந்த தோட்டத்து மக்களுக்குப் பால் என்றால் பிழைப்பும்தான்; ஆயினும் கட்டிலருகே அப்பொருள் நினைவுக்கு வருவதில்லை. (இலக்கண ஐம்பாலை இன்று தொந்தரவு செய்யவேண்டாம்.) வியப்பு என்னவெனில், ‘வயிற்றில் பால் வார்த்தாற்போல’ என்பது ஆறுதலின் தொடர். வாய் என்றால் சாவு, வயிறு என்றால் நிம்மதி. குழாய் சென்று சேருமிடம் வயிறு. ஆகவே ‘வயிற்றுக்கு நேரே சத்துணவு போகிறது’ என்று சொல்லுங்கள். ‘ஊற்று’ என்னும் வினையைத் தவிர்த்துவிடுங்கள்.

குழாயையும் ‘மூக்குக்குழாய்’ என்று பொதுப்பெயராக்காதீர்கள். மண்டையோட்டின் அடித்தளம் முறிந்திருந்தால் மூக்குவழி செலுத்துவது ஆபத்து. அப்போது வாய்வழியே விடுவார்கள். ‘உணவுக்குழாய்’ என்பதும் ஆகாது. அது உடலுறுப்பின் பெயர். ‘ஊட்டக்குழாய்’ இரு குழப்பத்துக்கும் அப்பாற்பட்டது.

குடல் ஏற்காதபோது இரத்த நாளத்தின் வழியாகவும் ஊட்டம் தருவதுண்டு. நம் பேச்சில் ‘நரம்பு’ என்பது நாளத்தையும் குறிக்கும், மூளையிலிருந்து செல்லும் நரம்பையும் குறிக்கும். மூளைக்காய வார்டில் ‘நரம்பில் ஏற்றுகிறார்கள்’ என்றால் கேட்பவர் என்ன எண்ணுவார்? ‘இரத்தக்குழாய் வழியாக’ என்பதே தெளிவு. ‘சிரை’ துல்லியமான சொல்தான். ஆனால் பாட்டிக்கு அது புரியாது, துல்லியத்தைவிடப் புரிதலே அங்கு முதன்மை.

எனக்கு மிகவும் கவலை தரும் சொல் ‘புரையேறுதல்’. அதனை நாம் இருமலால் அறிகிறோம். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுகிறோம். மூளைக்காயமுற்றவரிடம் விழுங்கும் திறனோடு இருமும் திறனும் குன்றிவிடக்கூடும். அன்பு மிகுதியால் மறைவாகப் புகட்டும் ஒரு கரண்டிக் கஞ்சித்தண்ணீர் ஓசையின்றி நுரையீரலுக்குள் சென்றுவிடும். ஓசையில்லாப் புரைக்குத் தமிழில் பெயரில்லை. பெயரில்லாததனாலேயே அந்த ஆபத்து உறவினர் கண்ணுக்குப் படுவதில்லை. ‘இருமாமலே புரையேறும்’ என்று விளக்குங்கள். கட்டிலின் தலைப்பகுதியை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பதும் இதற்காகவே. வசதிக்காக அதனைத் தாழ்த்திவிடலாகாது.

கஞ்சியே போதாதா என்னும் கேள்வியும் வரும். இத்தகைய நோயாளிக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2.5 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 90 கிராம், அதாவது ஏறத்தாழ 15 முட்டைகளில் உள்ள அளவு. அரிசிக்கஞ்சி இதில் சிறுபகுதியையும் எட்டாது.

மாணவர்களே, அடுத்த முறை கட்டிலருகே நிற்க நேர்ந்தால், சொல்லப்படுவதை மொழிபெயர்ப்பதோடு நில்லாமல், இரண்டு வினாக்களையும் பாட்டியின் சார்பில் மலாயில் கேளுங்கள்: ஊட்டம் எப்போது தொடங்கியது? அறுவைக்கோ ஸ்கேனுக்கோ நிறுத்தியிருந்தால் மீண்டும் எப்போது தொடங்குவீர்கள்? விடையை எழுதிக்கொண்டு பாட்டிக்கு இருமுறை சொல்லுங்கள்.