எங்கள் வீட்டு ஜப்பான் படப் பட்டியல்

(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டத்தில், நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



குழந்தைகளும் திரைப்படமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். திரைப்படக் கலையைப் பற்றி வகுப்பெடுக்கும் அளவுக்கு எனக்குத் தெரியாது. நானும் என் கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜப்பானிய அனிமேஷன் படங்கள் பார்ப்பதை ஒரு வழக்கமாக வைத்திருக்கிறோம். அவர் கணித ஆசிரியர். எதைப் பார்த்தாலும் வரிசைப்படுத்தாமல் இருக்க அவரால் முடியாது. பார்த்த படங்களில் ஒன்பதைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு தாளில் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதினோம். அந்தத் தாள்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதல் தடவை எழுதியபோது இரண்டு பட்டியலிலும் முதலிடம் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்துக்கு. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஹயாவோ மியாசாகி 2001இல் எடுத்த படம். 2002இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது, அடுத்த ஆண்டு ஆஸ்கர். உலகமே முதலிடம் கொடுத்த படத்துக்கு நாங்களும் கொடுத்துவிட்டோம். “இது நம் பட்டியலா, ஊரார் பட்டியலா?” என்று இவர் கேட்டார். சரி, நாம் ஆசிரியர்கள், நமக்கென்று ஓர் அளவுகோல் வைப்போம் என்றேன். இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் குழந்தைதான் கதாநாயகர். அந்தக் குழந்தைக்கு ஒரு சிக்கல் வரும்போது பக்கத்தில் இருக்கிற பெரியவர் என்ன செய்கிறார்? அதை மட்டும் பார்த்து மறுபடியும் வரிசைப்படுத்துவது என்று முடிவாயிற்று.

வரிசை தலைகீழாக மாறிவிட்டது.

‘மை நெய்பர் டொட்டோரோ’வைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1988இல் வந்த மியாசாகி படம். அம்மா மருத்துவமனையில் இருக்கிறார். சட்சுகி, மேய் என்ற அக்காள் தங்கை இருவரும் அப்பாவோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள். காட்டுக்குள் டொட்டோரோ என்கிற பெரிய, உரோமம் அடர்ந்த உயிர் ஒன்று இருக்கிறது. படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் டொட்டோரோவையும் பூனைப் பேருந்தையும்தான் பேசுவார்கள். என் கண்ணில் நின்றது வேறொரு காட்சி. ஒருநாள் மேய் பாட்டியிடம் இருக்கமாட்டேன் என்று அடம்பிடித்து அக்காவின் பள்ளிக்கே வந்து நிற்கிறாள். நான்கு வயதுக் குழந்தை. சட்சுகி தயங்கித் தயங்கி ஆசிரியரிடம் சொல்கிறாள். அந்த ஆசிரியர் திட்டவில்லை, வீட்டுக்குத் திருப்பி அனுப்பவுமில்லை. இவர்கள் அம்மா மருத்துவமனையில் இருக்கிறார், நாம் அனுசரித்துக்கொள்வோம் என்கிற பொருளில் வகுப்பிடம் இரண்டு வார்த்தை சொல்கிறார். மேய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து டொட்டோரோ படம் வரைகிறாள். அவ்வளவுதான் காட்சி. ஒரு நிமிடம் இருக்குமோ என்னவோ.

நூறு நாள் வேலை நடக்கிற நாட்களிலும் அறுவடைக் காலத்திலும் தம்பியையோ தங்கையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற பிள்ளைகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். உள்ளே விட்டால் அன்றைய பாடம் கொஞ்சம் கெடும். விடாவிட்டால் அந்தப் பிள்ளை நாளைக்கு வரமாட்டாள். அந்த ஜப்பானிய ஆசிரியருக்குப் படத்தில் பெயர்கூடச் சொல்லப்படவில்லை என்று நினைக்கிறேன். என் பட்டியலில் டொட்டோரோவை மேலே ஏற்றியவர் அவர்தான்.

அந்தப் படத்து அப்பாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டொட்டோரோவைப் பார்த்தேன் என்று மேய் சொன்னதும் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அது மேய்க்குப் பொறுக்கவில்லை, நான் பொய் சொல்லவில்லை என்கிறாள். அப்பா, நீ காட்டின் காவலரைப் பார்த்திருக்கிறாய் என்று சொல்லி, பிள்ளைகளை அந்தப் பெரிய கற்பூர மரத்தடிக்கு அழைத்துப்போய் மூவருமாக வணங்கி வருகிறார்கள். மரத்தடியில் கும்பிடுகிற மனிதரைப் பார்த்தால் நமக்கு ஜப்பான் தூரமாகவே தெரியாது.

அடுத்தது ‘எ சைலண்ட் வாய்ஸ்’. 2016இல் நவோகோ யமடா இயக்கியது. காது கேளாத ஷோகோ என்ற சிறுமி ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வருகிறாள். கையில் ஒரு குறிப்பேடு. என்னோடு பேச இதில் எழுதுங்கள் என்று கேட்கிறாள். ஷோயா என்ற பையன் அவளைச் சீண்டத் தொடங்குகிறான். காது கேட்கும் கருவியைப் பிடுங்கி எறிகிறான். ஒரு கருவி இல்லை, பல கருவிகள் போகின்றன.

இந்தப் படத்தைக் கொடுமைக்காரப் பையன் திருந்துகிற கதை என்று சொல்லிவிடலாம். வகுப்பாசிரியரை மட்டும் கவனித்துக்கொண்டு பாருங்கள், வேறு கதை தெரியும். இன்னொரு ஆசிரியர் வந்து, தினமும் காலையில் சில நிமிடம் எல்லாரும் சைகை மொழி கற்கலாமே என்கிறார். எழுதிக் காட்டுவதே எளிது என்று ஒரு மாணவி எதிர்க்கிறாள். சஹாரா என்ற மாணவி நான் கற்கிறேன் என்று எழுந்து நிற்கிறாள். பிறகு அவளையே எல்லாரும் கேலி செய்ய, அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுகிறாள். வகுப்பாசிரியர் இதையெல்லாம் பார்த்தும் பாராமலும் இருக்கிறார். கருவிகளின் விலை குறித்துப் புகார் வந்து தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்த பிறகுதான் இவர் குரல் உயர்கிறது. வகுப்பு முழுக்கச் செய்ததை ஒரு பையன் தலையில் சுமத்திவிடுகிறார். மறுநாளிலிருந்து அந்தப் பையனை வகுப்பு ஒதுக்குகிறது. அவன் மேசையில் வசை எழுதுகிறார்கள். அதை யாருக்கும் தெரியாமல் துடைக்கிறவள் ஷோகோ.

உள்ளடங்கிய கல்வியில் இருக்கிறோம். சிறப்புப் பயிற்றுநர் வந்துபோகிற நாட்கள் சில, மற்ற நாட்களெல்லாம் நம்முடையவை. என்னைக் கேட்டால், சஹாரா எழுந்து நின்ற அந்த இடத்தில் ஆசிரியரும் அவளோடு சேர்ந்து சைகை கற்கிறேன் என்று சொல்லியிருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும். நல்ல படத்தைக் கெடுத்துவிடுவேன் போலிருக்கிறது என்று இவர் கிண்டல் செய்வார்.

இவருடைய முதலிடத்துக்கு வருகிறேன். இசாவோ தகஹாடா 1991இல் எடுத்த ‘ஒன்லி எஸ்டர்டே’. பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பேயும் பூதமும் இல்லை, பறக்கிற எதுவும் இல்லை. டோக்கியோவில் வேலை செய்கிற 27 வயது டேகோ, விடுமுறையில் யமகடா பக்கத்துக் கிராமத்துக்குக் குசும்பாப் பூப் பறிக்கப் போகிறாள். வழியெல்லாம் ஐந்தாம் வகுப்பு நினைவுகள், அதாவது 1966ஆம் ஆண்டு. அதில் பின்னத்தை வகுக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. உலக சினிமாவிலேயே சிறந்த கணிதக் காட்சி அதுதான் என்பது இவர் தீர்ப்பு.

டேகோ கணக்கில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கி வருகிறாள். அக்காள் சொல்லிக் கொடுக்கிறாள். மூன்றில் இரண்டை நான்கில் ஒன்றால் வகுக்க வேண்டும். அக்காளுக்குத் தெரிந்ததெல்லாம் கீழே இருப்பதை மேலே போடு, மேலே இருப்பதைக் கீழே போடு, பெருக்கு. டேகோ கேட்கிறாள்: வகுப்பது என்றால் என்ன? ஓர் ஆப்பிள் வரைகிறாள். அதில் மூன்றில் இரண்டு பங்கை நான்கு பேருக்குப் பிரிக்கிறாள், ஆளுக்கு ஆறில் ஒன்று வருகிறது. அது தவறு என்கிறாள் அக்காள். ஏன் தவறு என்று அக்காளுக்கும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைக்கு மூளை சரியில்லையோ என்கிற மாதிரி வீட்டில் பேச்சு எழுகிறது. வளர்ந்த டேகோ பிறகு சொல்கிறாள், பின்னத்தைத் திருப்பிப் போட்டுப் பெருக்கு என்றதும் கேள்வி கேட்காமல் செய்தவர்களுக்கு வாழ்க்கையும் தடங்கலின்றிப் போனது போலிருக்கிறது என்று.

முதல் முறை பார்த்தபோது இவர் படத்தை அங்கேயே நிறுத்திவிட்டார். “பிள்ளை சரியான கேள்வி கேட்கிறாள், ஒருத்தர்கூடப் பதில் சொல்லவில்லையே” என்று ஒரு காகிதத்தை நீளமாகக் கிழித்து 12 கட்டம் போட்டார். 12 கட்டமும் ஓர் ஆப்பிள். மூன்றில் இரண்டு என்றால் 8 கட்டம். நான்கில் ஒன்று என்றால் 3 கட்டம். எட்டுக்குள் மூன்று எத்தனை தடவை இருக்கிறது? இரண்டு முழுத் தடவை, மீதி 2 கட்டம். மூன்று கட்டத்தில் அது மூன்றில் இரண்டு. விடை இரண்டும் மூன்றில் இரண்டும். நான்கு பேருக்குப் பங்கிடு என்பது ஒரு கேள்வி, கால் பங்கு அளவுள்ள துண்டுகள் எத்தனை கிடைக்கும் என்பது வேறு கேள்வி. டேகோ முதல் கேள்விக்குச் சரியான விடை எழுதியிருக்கிறாள், கேட்டது இரண்டாவது கேள்வி. இதை யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம். நான் தமிழ் ஆசிரியை. திருப்பிப் போட்டுப் பெருக்குவது ஏன் என்று எனக்கு விளங்கியதும் அன்றைக்குத்தான். ஆறு, ஏழாம் வகுப்பு எடுக்கிறவர்கள் அந்த 12 கட்டத் துண்டை வகுப்பில் செய்து பாருங்கள்.

அதே படத்தில் அபே என்ற ஒரு மாணவன் வருகிறான். ஏழைப் பையன், அழுக்குச் சட்டை, டேகோவின் பக்கத்து இருக்கை. அவன் வேறு ஊருக்குப் போகும்போது, எல்லாரிடமும் கைகுலுக்கி விடைபெறு என்கிறார் ஆசிரியர். எல்லாரிடமும் குலுக்குகிறான், டேகோவிடம் மட்டும் மாட்டேன் என்கிறான். நல்லெண்ணத்தோடு நாம் நடத்துகிற பிரிவுபசாரம் ஒரு பிள்ளை மனதில் பதினாறு ஆண்டு முள்ளாக இருந்திருக்கிறது.

மற்ற படங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். யோஷிஃபுமி கொண்டோவின் ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’, 1995. நூலகப் புத்தகங்களின் அட்டையில் தனக்கு முன் படித்தவர் பெயர் எல்லாவற்றிலும் ஒரே பெயராக இருப்பதைக் கவனிக்கிறாள் ஷிசுகு என்ற மாணவி. பிறகு கதை எழுத உட்கார்ந்து மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறாள். அவள் கதையின் முதல் வாசகர் ஒரு முதியவர். செதுக்கப்படாத கல் போலிருக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறது என்கிற பொருளில் சொல்கிறார். கட்டுரை ஏடு திருத்துகிறபோதெல்லாம் எனக்கு அந்த முதியவர் நினைவு வரும். ‘கிகீஸ் டெலிவரி சர்வீஸ்’ படத்தில் வீட்டைவிட்டு வந்த 13 வயதுப் பெண்ணுக்கு மாடியில் இடம் கொடுக்கிற ரொட்டிக் கடைக்காரப் பெண்மணி எனக்குப் பிடிக்கும், இவருக்கு அவ்வளவாக இல்லை. ‘பிரின்சஸ் மொனொனோகே’ இருவருக்கும் பிடித்த படம். எங்கள் அளவுகோலுக்குள் அடங்காததால் ஏழாவதாக வைத்தோம், நியாயமில்லைதான். மமோரு ஹொசோடாவின் ‘வுல்ஃப் சில்ரன்’ படத்தில் பள்ளித் தாழ்வாரத்தில் கேமரா ஒரு வகுப்பறைக்கும் இன்னொன்றுக்குமாக நகர, ஆண்டுகள் ஓடுகின்றன. அக்காள் தோழிகளோடு கலகலவென்று இருக்கிறாள். தம்பி அமே ஒதுங்கிக்கொண்டே போகிறான், பிறகு வகுப்பில் அவனைக் காணோம். வருகைப் பதிவேட்டை இவ்வளவு நன்றாகப் படமாக எடுத்தவர்கள் இல்லை. உலகப் புகழ்பெற்ற ‘ஸ்பிரிட்டட் அவே’ எங்கள் புதிய பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கு வந்துவிட்டது. அங்கே வேலைக்கு வந்தவளின் பெயரையே முதலாளி எடுத்துக்கொள்கிறாள். பிள்ளைகளை வரிசை எண்ணால் கூப்பிடுகிறவர்கள் ஒரு முறை பார்க்கலாம்.

ஒன்பதாவது படத்துக்கு இருவருமே எண் போடவில்லை. தகஹாடாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’. டொட்டோரோவும் இதுவும் 1988 ஏப்ரல் 16 அன்று சேர்ந்தே திரைக்கு வந்தவை, ஒரே சீட்டில் இரண்டு படம். 1945இல் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிகிறது. அம்மாவை இழந்த 14 வயது செய்டா, நான்கு வயதுத் தங்கை செட்சுகோவைக் காப்பாற்றப் பார்க்கிறான். அத்தை முறையுள்ள உறவுக்காரப் பெண், நாட்டுக்கு உழைக்காதவருக்குச் சோறு எதற்கு என்று கேட்க ஆரம்பிக்கிறாள். பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். இருவருமே பிழைக்கவில்லை என்பதைப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கதையை எழுதிய அகியூகி நொசாகா போரில் தன் தங்கையைப் பட்டினிக்குக் கொடுத்தவர். தகஹாடாவும் ஒன்பது வயதில் ஒகயாமா குண்டுவீச்சில் தப்பிப் பிழைத்தவர்.

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் நடத்துகிறோமே, அப்போது இதைக் காட்ட வேண்டும் என்கிறார் இவர். போர் என்றால் தேதியும் ஒப்பந்தமும் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், செட்சுகோவின் மிட்டாய் டப்பாவைப் பார்த்த பிள்ளை அப்படி எழுதமாட்டான் என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி தங்கையை வளர்த்துக்கொண்டு படிக்க வருகிற பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அம்மா இல்லாதவர்களும் இருக்கிறார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அந்தப் பிள்ளை முகத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டாமா? அவளுக்குத்தான் இந்தப் படம் அதிகம் தேவை, தன் பாடு ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்று தோன்றும் என்கிறார் இவர். “அதை நீங்கள் முடிவு செய்ய முடியாதுங்க” என்றேன். “நீயும் முடியாது” என்றார்.

இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இப்போதைக்கு ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். பள்ளியில் மாதந்தோறும் நடக்கும் சிறார் திரைப்படத் திரையிடலுக்குத் துறை அனுப்புகிற படங்கள் இருக்கின்றன, அதில் நாங்கள் தலையிடப் போவதில்லை. ‘ஃபயர்ஃபிளைஸ்’ படத்தை முதலில் ஆசிரியர்கள் பார்ப்பது. அந்த அத்தையை நன்றாகக் கவனிப்பது. அவள் கொடுமைக்காரி இல்லை, அவளுக்கும் அரிசி தட்டுப்பாடுதான், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முகம் மாறுகிறாள். பார்த்த பிறகு நம் வகுப்பில் யாருக்கு இதைக் காட்ட முடியும், யாருக்கு முடியாது என்று பெயர் பெயராக யோசிப்பது.

பட்டியலை நகலெடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். என்னுடையதில் டொட்டோரோ முதலிடம், இவருடையதில் ‘ஒன்லி எஸ்டர்டே’. ‘எ சைலண்ட் வாய்ஸ்’ இரண்டிலும் இரண்டாமிடம். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. உங்கள் எண்களை அதில் எழுதி, ஏன் என்று ஒரு வரியும் சேர்த்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.